சகுனம் பார்த்த விஞ்ஞானி

"இன்னும் ரெண்டு நிமிசம் பொறு ஆத்தா. மாரிச்செல்வி கொடத்தோட தெருமுனைக்கு வந்துரட்டும். அப்பறம் எறங்கு," என்றார் பெரியப்பா செல்லச்சாமி.

வாசலில் கார் நின்றது. நாகஜோதி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டு நிலைக்கு உள்ளேயே காத்திருந்தாள். நாளைக் காலை டெல்லியில் ஒரு குழுவின் முன் பேசி, தன் அடுத்த ஐந்து வருட ஆராய்ச்சிக்கு அனுமதி வாங்க வேண்டும். மதுரையில் விமானம் பிடிக்க நேரமாகிவிட்டது. ஆனாலும் நிறைகுடம் எதிரே வராமல் ஒரு விஞ்ஞானி எப்படிப் புறப்படுவது?

கண்ணையும் மூளையையும் மெல்ல அரிக்கும் நோய்களை ஆராய்கிறவள் அவள். கண்ணுக்குள் படம் எடுத்தால் மூளை நரம்புகள் நலிவதை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று பதினோரு கட்டுரைகள் எழுதியிருக்கிறாள். அவற்றை முழுக்கப் படித்தவர்கள் நாலு பேர். அதில் ஒருத்தி அவளேதான்.

அம்மா ராமலெட்சுமி வழக்கம்போல அடுப்படிக்குள் போய்விட்டாள். அய்யா செத்துப் பத்தொன்பது வருடம். அன்றிலிருந்து மகள் எங்கே புறப்பட்டாலும், தாலியறுத்த தன் முகம் அவள் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று ஒளிந்துகொள்வாள். கல்லூரியில் சேரப் போனபோதும் அப்படித்தான், வெளிநாடு போனபோதும் அப்படித்தான். முதல் வருடம் நாகஜோதி சண்டை போட்டாள். அப்புறம், பெரியவர்கள் மனசு நோக வேண்டாம், பத்து நிமிடம்தானே என்று விட்டுவிட்டாள். அந்தப் பெருந்தன்மையில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

டிரைவர் ஹாரன் அடித்தார். பின்கட்டில் பித்தளைப் பாத்திரம் ஒன்று உருண்டு விழும் சத்தம் கேட்டது. நாகஜோதி உள்ளே ஓடினாள்.

கொல்லைக் கதவின் நிலையில் மோதிக்கொண்டு அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். இடது புருவத்தில் ரத்தம். மகளைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"இங்கன எதுக்குத் தாயி வந்த? போ, கெளம்புற நேரம்."

"நீ எதுக்கு ஓடுன?"

"காரு போறப்ப பின்னாலருந்தாச்சும் ஒன்னயப் பாப்பமேன்னு. எப்பவும் கொல்லை வழியாப் போய்த்தான் பாப்பேன்."

பின்னாலேயே வந்த பெரியப்பா உச்சுக்கொட்டினார். "சகுனம் கெட்டுப்போச்சு. ஒக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுக் கெளம்பு ஆத்தா."

நாகஜோதி முந்தானையை விலக்கினாள். புருவத்தில் பழைய தழும்புகள் இரண்டு இருந்தன. இடது முழங்கையிலும் கன்றிப்போயிருந்தது. அம்மாவின் வலது கண்ணை ஒரு கையால் பொத்திக்கொண்டு, மறு கை விரலை இடது ஓரத்திலிருந்து ஆட்டியபடி மெல்ல முன்னால் கொண்டுவந்தாள்.

"என் மூக்கையே பாரும்மா. வெரல் தெரிஞ்சாச் சொல்லு."

விரல் முக்கால்வாசி தூரம் வந்த பிறகுதான் அம்மா தலையசைத்தாள்.

"எம்புட்டு நாளா இப்பிடி?"

"மூணு வருசம் இருக்கும். எடப்பக்கம் இருட்டாத்தான் இருக்கு."

அந்தக் கண் அழுத்த நோயைப் பற்றி நாகஜோதி தூக்கத்தில் எழுப்பினாலும் ஒரு மணி நேரம் பேசுவாள். கண் நரம்பு சத்தமில்லாமல் கருகிக்கொண்டே வரும். போன பார்வை போனதுதான். மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டுமானால் இனி நாளைக் கடத்தக் கூடாது.

"பக்கத்தூரு சிக்கல் பள்ளிக்கூடத்துல நானே கண் கேம்ப் போட்டேனேம்மா. அங்கன வந்திருக்கலாம்ல?"

"மொத நாளு வெளக்கேத்துற எடம். நா எப்பிடி முன்னால வந்து நிக்கிறது? மறுநாள் வரலாம்னு இருந்தேன். நீ கெளம்பிட்ட."

மாரியூரிலிருந்து காரங்காடு வரை ஆயிரத்து எண்ணூறு கிழவர் கிழவிகளின் கண்ணுக்குள் எட்டிப் பார்த்தவள் அவள். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. தன்னைப் போன்ற பல்லியைப் பார்த்துத்தான் யாரோ சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்தாள். வெட்கமாக இருந்தது.

கைபேசியை எடுத்து டெல்லிக்கு எழுதினாள்: 'நாளை வர இயலாது. என் ஆய்வில் அடிப்படைத் தவறு ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன்.'

"பெரியப்பா, நா டெல்லிக்குப் போகல. அம்மாவ மதுரைக்குக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"போகட்டும், வேணாங்கல. ஆனா அவ கொல்லை வழியாப் போயி ஏறிக்கிறட்டும். ஒனக்கு முன்னால வேணாம்."

நாகஜோதி அம்மாவை முன்வாசலுக்கே நடத்தி வந்தாள். மூன்று படிகள் இறங்க வேண்டும். அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்த்தபடியே பின்னோக்கி இறங்கத் தொடங்கினாள். தெருவில் மாரிச்செல்வி தளும்பும் குடத்தோடு சரியான நேரத்துக்கு வந்து நின்றாள். நாகஜோதியின் முதுகுதான் அவளுக்குத் தெரிந்தது.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"என் மொகத்தப் பாக்காத தாயி. வேற எங்கயாச்சும் பாரு."

"இத்தன வருசமா வேற எங்கயோதாம்மா பாத்துக்கிட்டு இருந்தேன்," என்றாள் நாகஜோதி. "மொதப் படி. காலை வை."