சாக மறுத்த தலைவர்

எந்தக் காலத்திலோ கலகம் செய்து தூக்கில் தொங்கிய தலைவனுக்கு ஒரு படம்கூட மிஞ்சவில்லை. அவன் வாழ்க்கையைக் காமிக்ஸாக வரையச் சொன்ன பதிப்பாளர், "மூஞ்சிய நீங்களே பாத்து வெச்சுக்குங்கம்மா, மீசை மட்டும் பெரிசா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

ஓவியக்காரிக்குக் கைக்கெட்டிய ஒரே ஆண்முகம் கணவனுடையது. வங்கி கவுன்ட்டரில் உட்கார்ந்து, மேலாளர் தும்மினாலே எழுந்து நிற்கிற மனிதர். அவரைச் சாப்பாட்டு மேசைமேல் ஏற்றி, கையில் துடைப்பத்தைக் கொடுத்து, அதை வாளாக வரைந்துகொண்டாள்.

முதல் பாகம் சக்கைப்போடு போட்டது. தெருப்பிள்ளைகள் அவருக்கு சல்யூட் அடித்தார்கள். மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை, மீசையும் வளர்த்துவிட்டார். பாராட்டு விழாவில் அவருக்கு மேடையில் நாற்காலி, வரைந்தவளுக்கு மூன்றாம் வரிசை. "நாங்க கோட்டையப் பிடிச்சப்போ..." என்று அவர் ஆரம்பித்ததும் கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

இரண்டாம் பாகத்தில் தூக்கு. அவள் துண்டை எடுத்துக்கொண்டு கழுத்தருகே வந்தாள்.

"நான் சாக மாட்டேன்" என்றார்.

"நீங்க எங்க சாகறீங்க? அவர்தானே சாகறாரு."

"மூஞ்சி என்னுதாச்சே! நாளைக்கு ஆபீஸ்ல எப்படித் தலை காட்டறது? தப்பிச்சு ஓடிட்டதா வரைஞ்சிடேன்."

"சரித்திரத்த மாத்தச் சொல்றீங்களா?"

"அவர் மூஞ்சியையே யாரும் பாக்கல. செத்தத மட்டும் யாரு பாத்தா?"

அதில் நியாயம் இருப்பதுபோல் தோன்றியதுதான் அவளுக்கு எரிச்சல். வேலை தேடுவதையே வேலையாக வைத்துக்கொண்டு, போன மாதம்தான் ஊரிலிருந்து வந்து அவர்கள் வீட்டில் தங்கியிருந்த அவள் தம்பி குறுக்கே புகுந்தான்.

"அக்கா, நான் தொங்கறேன். அத்தானவிட எனக்கு மூக்கு எடுப்பு."

வேறு வழியில்லாமல் தம்பியையே தூக்கிலேற்றினாள். வாசகர்கள் கிழித்துத் தொங்கவிடப் போகிறார்கள் என்று புத்தகம் வந்த நாளிலிருந்து காத்திருந்தாள். ஒருவரும் மூச்சு விடவில்லை. மீசையைத் தாண்டி யார் கண்ணும் போகவில்லை.

ஒரே ஒரு விமர்சகர் கண்டுபிடித்தார். "சாவின் விளிம்பில் வீரனின் முகமே மாறிவிடுவதை எத்தனை நுட்பமாகக் காட்டியிருக்கிறார்!" என்று பத்திரிகையில் உருகியிருந்தார். அதைப் படித்த பிறகுதான் தெருவே படத்தை உற்றுப் பார்த்தது; சல்யூட்டெல்லாம் இப்போது தம்பிக்கு.

கணவர் விமர்சனத்தை வரி விடாமல் படித்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"ஏம்மா, இன்னொரு தடவ அச்சடிக்கறப்போ... நானே செத்துடட்டுமா?"

 சிரிப்பை அடக்கவே அவளுக்கு மூச்சு போதவில்லை.