ரோசம்மாவின் முன்பற்கள்

சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஈப்போ நகருக்கு வந்து துணிக்கடையில் வேலை பார்த்த ரோசம்மாவுக்கு, சிரிப்பு வந்தால் கையும் வாய்க்கு வந்துவிடும். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே கறுத்துச் சொத்தை விழுந்திருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் பிடுங்கத்தான் சொன்னார்கள். இருபத்தாறு வயதில் பொக்கையாக நிற்க மனமில்லாமல், 1984இல் ஒரு சனிக்கிழமை பல் டாக்டர் இராஜசிங்கத்திடம் வந்தாள்.

அவருடைய மூக்குக்கண்ணாடியில் இரண்டு குட்டிக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"அது என்னா டாக்டர்?"

"பூதக்கண்ணாடி, பிள்ளை. பல்லில எது கெட்டது, எது நல்லது எண்டு வடிவாத் தெரியும். கெட்டதை மட்டும் எடுத்துப்போட்டு அடைக்கலாம்."

"என் வாய் அவ்ளோ பெருசாவா தெரியும்? வெக்கமா இருக்குலா."

"ஒரு பல்லுத்தான் தெரியும். உம்மட முகமே எனக்குத் தெரியாது."

அதைக் கேட்டதும் கொஞ்சம் தைரியம் வந்து வாயைத் திறந்தாள்.

ஊசி போட்டுவிட்டு டாக்டர் குனிந்தார். வெறும் கண்ணுக்கு ஒரே கறுப்பாக இருந்த இடத்தில், சொத்தை வேறு, கறை வேறு என்று இப்போது பிரிந்து தெரிந்தது. சொத்தை நினைத்ததைவிட ஆழம். கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்துக்கொண்டே போனார். உதவிக்கு நின்ற ஐவிதான் அவர் முழங்கையைத் தொட்டாள்.

"டாக்டர், நிறுத்துங்க. அழுவுறாங்க."

கண்ணாடியைக் கழற்றினார். ரோசம்மாவின் கண்ணீர் காதுவரை வழிந்திருந்தது.

"நோகுதெண்டு ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"பொடி வேலையா செய்யிறீங்க. அசைஞ்சா கெட்டுப்போயிருமேன்னு..."

டாக்டரின் முகம் வாடிவிட்டது. "பிழை என்னில. மன்னிச்சுக்கொள்ளும்."

இன்னொரு ஊசி போட்டு, நன்றாக மரத்துப்போகும்வரை காத்திருந்தார். "இனி நொந்தா ஐவிட கையை அமத்தும். உடனே நிப்பாட்டுறன்."

ஐவி ஒரு கையில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு, மறு கையை ரோசம்மாவிடம் கொடுத்தாள். பாதியில் ரோசம்மா அதை அழுத்தினாள். ஐவி சொன்னதும் டாக்டர் சட்டென்று நிமிர்ந்தார்.

"நோகுதோ?"

"இல்ல டாக்டர். நெசமாவே நிப்பாட்டுறீங்களான்னு பாத்தேன்."

ஐவி சிரித்துவிட்டாள். டாக்டருக்கும் அடக்க முடியவில்லை.

அடைத்து முடித்ததும் ஐவி முகம்பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்தாள். ரோசம்மா உதட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

"எங்க அடைச்சீங்கன்னே தெரியலையே!"

"எனக்குத் தெரியுது," என்று டாக்டர் பூதக்கண்ணாடியோடு மறுபடி குனிந்தார். "ஓரத்தில ஒரு பொட்டு மேடு கிடக்குது. அதையும் தேய்ச்சுவிடுறன்."

"ஐயோ, போதும் டாக்டர்! உங்க கண்ணாடிய மாட்டிக்கிட்டு யாரு என்னைப் பாக்கப் போறா?"