பூவுக்கு எத்தனை குளிர்

வண்டியிலிருந்து மல்லிக்கூடைகளை இறக்கி ஐஸ் கம்பெனி வாசலில் வைத்த வீராசாமி, எதிரிலேயே நிற்கிற மச்சினன் கோதண்டத்தை ஏறெடுத்தும் பார்க்காமல், பக்கத்தில் நின்ற பெண்சாதியிடம் சொன்னான்.

“உன் தம்பிகிட்ட சொல்லு. காலைல வரைக்கும் மொக்கு மலரக் கூடாதுன்னு.”

அம்சா தம்பியைப் பார்த்தாள். “கேட்டுச்சா?”

“ஆங், கேட்டுச்சுக்கா. பாவாவ கவலப்படாம போவச் சொல்லு.”

இந்தக் கூத்து மூன்று வருஷமாக நடக்கிறது. கோதண்டத்தின் கல்யாணத்தில் முதல் தாம்பூலம் அக்கா புருஷனான பாவாவுக்குப் போயிருக்க வேண்டும். வேலை கொடுத்த ஐஸ் கம்பெனி முதலாளி முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார், மாப்பிள்ளையும் அசட்டுத்தனமாகத் தட்டை அவர் பக்கம் நீட்டிவிட்டான். அவ்வளவுதான்! துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்த வீராசாமி, அம்சாவையும் இழுத்துக்கொண்டு தன் ஊரான கே.ஜி.கண்டிகைக்கு வண்டி கட்டிவிட்டான். அன்றிலிருந்து மச்சான் என்ற வார்த்தை அவன் வாயில் வரவில்லை. அம்சாவும் தம்பி வீட்டு வாசப்படியை மிதிக்கவில்லை. இப்போது கோதண்டத்தின் பெண்சாதி பத்மாவுக்கு ஏழாம் மாசம். வளையல் போட நாத்தனார் வர வேண்டாமா? அக்காவை எப்படியாவது வீட்டுக்குள் கூட்டிவந்துவிட வேண்டும் என்று அவனுக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அப்பேர்ப்பட்ட வீராசாமியே இன்று தேடி வந்தான் என்றால் அது முருகன் செய்த வேலை. போன வருஷம் அவன் மகள் விஷ ஜுரத்தில் கிடந்து பிழைத்தாள். தன் தோட்டத்து மல்லியிலேயே காவடி கட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தான். மறுநாள் ஆடிக் கிருத்திகை. பகலில் பறித்த மொக்கு பொழுது சாய்ந்ததும் வாய் திறந்துவிடும், விடிந்தால் துவண்டு தொங்கும். மொக்கைக் காப்பாற்றுகிற குளிர் திருத்தணியிலேயே ஐஸ் கம்பெனியில், பழக்கடைக்காரர்கள் சரக்கு வைக்கிற பழ அறையில்தான் இருந்தது.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கூரை, உள்ளே தடதடக்கும் ஆயில் எஞ்சின், மூக்கைப் பிடுங்கும் நெடி. பழ அறையின் சுவரெல்லாம் குழாய். அதில் குளிர்ந்த உப்புத்தண்ணீர் சுற்றிக்கொண்டிருக்கும். உப்புப் போட்டதால் எவ்வளவு குளிர்ந்தாலும் அது உறையாது. எவ்வளவு குளிர வேண்டும் என்று சொல்ல ஒரு திருகாணியும் ஒரு முள்ளும் உண்டு. முள்ளை எந்த எண்ணில் நிறுத்துகிறோமோ அந்த அளவுக்குத் தண்ணீர் குளிர்ந்ததும் வால்வு தானே மூடிக்கொள்ளும். பழத்துக்கு எப்போதும் நாற்பது டிகிரி, பாரன்ஹீட் கணக்கில். முப்பத்திரண்டுக்குக் கீழே போனால் நல்ல தண்ணீர் கட்டியாகிவிடும்.

கோதண்டம் நாற்பதிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போவானா? வந்திருப்பது பாவாவின் பூ அல்லவா! பழக்கடைக்காரர்கள் கதவைத் திறந்து திறந்து மூடுவார்கள், வெக்கை உள்ளே புகுந்துவிடும், அதற்கும் சேர்த்துக் கொஞ்சம் இறக்கி வைப்போம் என்று முள்ளை முப்பத்தைந்துக்குக் கொண்டுவந்தான். அதோடு கையை எடுத்திருக்க வேண்டும். ஒரு மொக்கு மலர்ந்துவிட்டால்கூட பாவா என்ன சொல்வாரோ என்ற பயத்தில் இன்னும் திருகினான், இன்னும் திருகினான். இருபத்தைந்தில் நிறுத்திவிட்டுத் திருப்தியாகக் கையைத் துடைத்துக்கொண்டான். திருவிழாவுக்காகப் பழக்கடைக்காரர்கள் மத்தியானமே சரக்கை மலையடிவாரத்துக்கு எடுத்துப் போயிருந்தார்கள். அறை காலியாகக் கிடப்பதைக் கண்ணால் பார்த்தும் அது அவன் மண்டையில் ஏறவில்லை. விடிகிறவரை அந்தக் கதவை ஒருத்தரும் தொடவில்லை.

காலையில் வீராசாமி கூடைக்குள் கையை விட்டான். மொக்கெல்லாம் வெள்ளை வெளேரென்று, கெட்டியாக, ஒன்றுகூட வாய் திறக்காமல் இருந்தது.

“பரவால்லயே” என்றான். பெண்சாதியிடம் இல்லை, பொதுவாக. கோதண்டத்துக்குத் தலைகால் புரியவில்லை.

அம்சா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தொடுக்க ஆரம்பித்தாள். வெயில் ஏற ஏற அவள் விரல் தயங்கியது. “ஐயோ, இன்னாடா இது, பிசுபிசுன்னு கீது?” மொக்குகள் கண்ணாடியாகி, பழுப்பாகி, அவள் கையிலேயே தண்ணீராக ஒழுகின. மற்றக் கூடைகளைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். எல்லாம் அதே கதி.

“ஏன்டா மச்சான், உனுக்கு அறிவு கீதாடா?” என்று கத்தினான் வீராசாமி. “பூவ குடுத்தா ஐஸா பண்ணி வெச்சிகிறியே! எம் பொண்ணு உசுர குடுத்தவனுக்கு இந்த அழுவுனதையா தூக்கிகினு போவேன்?”

மச்சான் என்றது கோதண்டத்தின் காதில் விழத்தான் செய்தது. சந்தோஷப்பட முடியவில்லை. ஒரு குழந்தையின் வேண்டுதலைத் தன் கையாலேயே பாழாக்கிவிட்டோமே என்று அவமானத்தில் கண் கலங்கியது. “தப்புதான் பாவா” என்றான். அம்சாவிடம் சொல்லவில்லை, நேராக அவன் முகத்தைப் பார்த்தே சொன்னான்.

அன்றைக்குக் கடைத்தெருவில் என்ன விலை கொடுத்தாலும் பூ கிடைக்காது. ரயில்பாதை ஓரம் செவ்வரளி மண்டிக் கிடந்தது. கோதண்டம் அங்கே ஓடி, வேட்டியை மடித்துக் கட்டிப் பறிக்க ஆரம்பித்தான். கையெல்லாம் பால் பிசுக்கு. கொஞ்ச நேரம் தள்ளி நின்று திட்டிக்கொண்டிருந்த வீராசாமியும் வந்து சேர்ந்தான்.

“அந்தக் கெளைய வளைடா. எட்டல.”

கோதண்டம் வளைத்துப் பிடித்தான். திட்டு மட்டும் நிற்கவில்லை.

காவடி அரளியால் சிவந்தது. நடுவில் அம்சா அந்தக் கறுத்த மல்லிச்சரத்தையும் வைத்துக் கட்டினாள். வீராசாமி முறைத்தான்.

“வேண்டிக்கினது இத்தத்தான். நம்ம தோட்டத்துது. கறுத்தா இன்னா, கெடக்கட்டும்” என்றாள் அவள்.

சரவணப்பொய்கையில் முழுக்குப் போட்டுவிட்டுத் தோளில் காவடியை ஏற்றிய வீராசாமி, படியில் கால் வைக்கும் முன் திரும்பினான். “மலை எறங்கி வர்றேன். உன் வூட்டுக்கே வந்து வெச்சிக்கிறேன்டா உன்ன!”

அம்சா தம்பியைப் பார்த்தாள். “கேட்டுச்சா?”

“ஆங்” என்றான் கோதண்டம். “நீயும் கூட வாக்கா.”

அரோகரா என்று கூட்டம் மேலே நகர்ந்தது. அந்த மல்லிச்சரத்திலிருந்து ஈரம் சொட்டுச் சொட்டாக வீராசாமியின் பிடரியில் விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு சொட்டுக்கும் அவன் தோள் சிலிர்த்தது. துடைக்காமல் ஏறிக்கொண்டிருந்தான்.