பேட்டரி மயில்

டாக்டர் திருச்செல்வம் தம் அறை ஏர்கோன் ரிமோட்டின் முதுகைத் திறந்து, இரண்டு பேட்டரிகளை உருவிக்கொண்டு கீழே இறங்கினார். கூடத்தில் பச்சை நிறப் பெட்டி ஒன்று நின்றது. பழைய பேட்டரிகளை இதில் போட்டுப் பூமியைக் காப்பாற்றுங்கள் என்று அதன் நெற்றியில் மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. புகைப்படக்காரர் தயாராக இருந்தார். திருச்செல்வம் பேட்டரிகளைப் பெட்டியின் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, பூமியே அந்த நிமிடம் தம் கையில்தான் இருக்கிறது என்ற தோரணையில் சிரித்தார். படம் எடுத்து முடிந்ததும் பேட்டரிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மேலே போனார். ரிமோட்டில் அவற்றைத் திரும்ப மாட்டி, குளிரைக் கூட்டி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

இவர்தான் பங்சார் வட்டாரத்தை ஒட்டியிருந்த அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில் பசுமை வளாகத் திட்டத்தின் துணை இயக்குநர். இயக்குநர் நாற்காலி சில மாதங்களாகக் காலியாகக் கிடந்தது. தீபாவளி வாரத்தில் வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டுக் குழு வருகிறது, அவர்கள் வாயிலிருந்து நாலு நல்ல வார்த்தை விழுந்தால் நாற்காலி தமக்குத்தான் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். கதவில் மாட்ட வேண்டிய பெயர்ப்பலகையின் எழுத்து வடிவத்தைக்கூட மனத்துக்குள் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்.

பச்சைப் பெட்டிகளில் விழுந்த பேட்டரிகள் எங்கே போயின என்று மட்டும் அவரிடம் யாரும் கேட்கக்கூடாது. அவை மாடிப்படிக்கு அடியிலிருந்த ஸ்டோர் அறைக்குப் போயின. கடிகார பேட்டரி, வீங்கிப்போன கைப்பேசி பேட்டரி, பவர் பேங்கிலிருந்து உரித்தெடுத்த உருளைகள், காதுக் கருவியின் பொத்தான் பேட்டரி எல்லாம் சாக்குப் பைகளில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடந்தன. உரிமம் பெற்ற நிறுவனத்தைக் கூப்பிட்டால் வந்து எடுத்துப் போவார்கள். ஆனால் அதற்குமுன் வகை பிரிக்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். அந்த வேலையில் படம் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆகவே அடுத்த பருவத்தில் பார்க்கலாம் என்று ஒவ்வொரு பருவமும் சொல்லிக்கொண்டு வந்தார். அறைச் சாவியைத் தம் கார் சாவியோடு கோத்து வைத்திருந்தார்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தக் கூடத்தில் வண்ண அரிசியில் பெரிய கோலம் போடுவது இந்திய மாணவர்களின் வழக்கம். இந்த வருடம் திருச்செல்வத்துக்கு மூளையில் ஒரு விளக்கு எரிந்தது. அரிசிக்குப் பதிலாகப் பழைய பேட்டரிகளாலேயே ஒரு மயில் போட்டால் என்ன? பண்பாடும் ஆச்சு, பசுமையும் ஆச்சு. மதிப்பீட்டுக் குழு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். யோசனை வந்த சந்தோஷத்தில் அன்று மத்தியானம் வாழையிலைச் சாப்பாட்டில் இரண்டு அப்பளம் கூடுதலாகக் கேட்டு வாங்கினார்.

மாணவர் குழுவுக்குத் தலைவி வேறு யாருமில்லை, அவருடைய மகள் விஷ்ணுப்ரியாதான். அதே பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அரிசிக் கோலம்தான் ஆசை. ஆனால் அப்பாவின் பதவி உயர்வு இதில் தொங்குகிறது என்று வீட்டில் தினமும் சொல்லிச் சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டார்கள். சாக்குகளை அவிழ்த்தபோது பாதி பேட்டரிகளில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. தொட்ட பிள்ளைகளின் விரல்கள் எரிந்தன. திருச்செல்வம் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிவிட்டுப் போனார். மயிலின் கழுத்துக்கு நீல நிறம் வேண்டும் என்று பவர் பேங்க் உருளைகளில் நீல உறை போட்டவற்றைத் தேடித் தேடிப் பொறுக்கினார்கள். கோலத்துக்கு மினுமினுப்புப் போதவில்லை என்று பட்டது அவருக்கு. தாமே பிரிக்பீல்ட்ஸ் தீபாவளிக் கடைகளுக்குப் போய், பளபளக்கும் மெல்லிய அலுமினியத் தகட்டுச் சுருள் வாங்கி வந்து கொடுத்தார்.

வேதியியல் விரிவுரையாளர் புனிதா அந்தப் பக்கம் நடந்து போனவர், கழுத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நேரே மேலே ஏறித் திருச்செல்வத்தின் அறைக்கு வந்தார்.

"டாக்டர், அந்த நீல பேட்டரி எல்லாம் லித்தியம். முனையில டேப் ஒட்டாம பக்கத்துப் பக்கத்துல அடுக்கியிருக்காங்க. அது மேல தகடு வேற. ரெண்டு முனையையும் தகடு தொட்டா சூடேறி வெடிக்கும்."

"செத்துப்போன பேட்டரிலா புனிதா. அதுல என்ன இருக்கு?"

போன் ஓடாது என்றால் பேட்டரிக்குள் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை, மிச்சமிருக்கிற சக்தியே தீப்பிடிக்கப் போதும் என்று புனிதா பொறுமையாக விளக்கினார். லித்தியத்தைத் தனியாகப் பிரித்து, முனைகளை டேப்பால் மூடி, வீங்கியதை மணல் போட்ட வாளியில் வைத்து, உரிமம் உள்ளவர்களிடம் கொடுப்பது ஒரு நாள் வேலைதான் என்றும், தாமே வந்து உதவுவதாகவும் சொன்னார். நல்ல நாளும் அதுவுமாக இப்படி அபசகுனமாகப் பேசக்கூடாது என்று திருச்செல்வம் புத்தி சொல்லி அனுப்பிவைத்தார். அந்த அம்மாளுக்குத் தம் நாற்காலிமேல் பொறாமை என்று அவருக்குப் பட்டது. தற்பெருமை பிடித்தவனுக்கு எச்சரிக்கை எல்லாம் பொறாமையாகத்தான் கேட்கும்.

மதிப்பீட்டுக் குழு வந்த நாளில் கூடம் ஜே ஜே என்றிருந்தது. மயில் பிரமாதமாகத்தான் இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. தோகை முழுக்க பேட்டரிகள், ஓரமெல்லாம் வெள்ளி நிறத் தகடு, நடுவே பித்தளைக் குத்துவிளக்கு. திருச்செல்வம் புது ஜிப்பாவில் நின்று, குப்பையை அழகாக்குவதே எங்கள் பண்பாடு என்று ஆங்கிலத்தில் அளந்துகொண்டிருந்தார். விளக்கை ஏற்றக் குனிந்த மதிப்பீட்டுக் குழுத் தலைவியின் துணி நுனி உரசித் தகடு கழுத்துப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தது. கலைந்ததைச் சரிசெய்ய விஷ்ணுப்ரியா கழுத்தருகில் மண்டியிட்டாள். அப்போதுதான் மயிலின் கழுத்திலிருந்து மெல்லிய புகை எழுந்தது.

அது என்ன என்று குழுத் தலைவி கேட்டார். சாம்பிராணி, எங்கள் சம்பிரதாயம் என்றார் திருச்செல்வம், கூசாமல்.

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் ஒரு பேட்டரி சீறிக்கொண்டு கிளம்பிச் சுவரில் மோதியது. அடுத்தது விஷ்ணுப்ரியாவின் கையருகிலேயே வெடித்தது. புனிதா ஓடிப்போய் அபாய மணியை அடித்தார், பிள்ளைகளை வெளியே விரட்டினார், சுவரோரம் தீயணைக்க வைத்திருந்த மணல் வாளியைத் தூக்கிக் கொட்டினார். கூடத்திலிருந்து முதலில் வெளியேறியவர் யார் என்று கேட்டால், அந்தப் புது ஜிப்பாவைத்தான் காட்ட வேண்டும். தமக்குப் பின்னால் யார் விழுந்தார்கள் என்று அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் குழுத் தலைவி அவரைப் பிடித்துக்கொண்டார். இதை யார் யோசித்தது, தகட்டை வைக்கச் சொன்னது யார் என்று கேட்டார். திருச்செல்வத்துக்கு நாற்காலி கண்முன்னே நழுவுவது தெரிந்தது. எல்லாம் மாணவர்கள் வேலை என்றும், வேண்டாமென்று தாம் தலைதலையாக அடித்துக்கொண்டதாகவும், அந்த மாணவர் தலைவிக்குப் பிடிவாதம் அதிகம் என்றும், அவள்மேல் ஒழுங்கு நடவடிக்கைக்கு இன்றே எழுதிவிடுவதாகவும் மளமளவென்று சொன்னார்.

சொல்லிவிட்டுத் திரும்பினால், புனிதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு விஷ்ணுப்ரியா நின்றுகொண்டிருந்தாள். வலது கையில் ஈரத்துணி சுற்றியிருந்தது. உள்ளங்கை தோலோடு வெந்து போயிருந்தது. அதற்குள் வந்துவிட்ட ஆம்புலன்ஸ்காரர் அவள் கழுத்தில் தொங்கிய மாணவர் அட்டையைப் பிடித்துச் சத்தமாகப் படித்தார்:

"விஷ்ணுப்ரியா, அனாக் பெரெம்புவான் திருச்செல்வம்."

இன்னாருடைய மகள் என்று மலாய் மொழியில் பெயரோடு சேர்த்து எழுதுவது இந்த நாட்டு வழக்கம். குழுத் தலைவி அட்டையைப் பார்த்தார். பிறகு ஜிப்பாவில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையைப் பார்த்தார். தம் காரை நோக்கி நடந்தார்.

திருச்செல்வம் மகளிடம் போனார். கை ரொம்ப வலிக்கிறதா என்று இப்போதுதான் கேட்கத் தோன்றியது. பதற்றத்தில் ஏதோ சொல்லிவிட்டேன், அதையெல்லாம் அப்புறம் சரிபண்ணிக்கொள்ளலாம் என்றார்.

விஷ்ணுப்ரியா அழவில்லை. "எல்லாத்தையும் அப்புறம்னு சொல்லி எங்கயாவது தள்ளி வெச்சிடுறீங்கப்பா. பேட்டரிய மாடிப்படிக்கு அடியில தள்ளுனீங்க. பழிய என் பக்கம் தள்ளுனீங்க. பொட்டியில போட வெச்சதோட வேலை முடிஞ்சிடுச்சின்னு நெனச்சீங்க, அங்கதான் வேலையே ஆரம்பிக்குது. கண்ணுக்குத் தெரியாம ஒதுக்குறது பாதுகாப்பு இல்லப்பா. ஒழுங்கா பிரிச்சு, டேப் ஒட்டி, கொடுக்க வேண்டியவங்ககிட்ட கொடுக்குற வரைக்கும் அது நம்ம பொறுப்பு. நாம கை கழுவிட்டா அது வேற ஒருத்தர் கையைச் சுடும். இன்னிக்கி என் கை."

ஆம்புலன்ஸ் கதவு மூடியது. புனிதா திருச்செல்வத்தின் முன்னால் கையை நீட்டி ஸ்டோர் அறைச் சாவியைக் கேட்டார். உள்ளே இன்னும் சாக்குகள் கிடக்கின்றன, இன்றைக்கே ஆளைக் கூப்பிட வேண்டும் என்றார். திருச்செல்வம் கார் சாவிக் கொத்திலிருந்து அதைத் தடுமாறிக் கழற்றினார். தகட்டை வாங்கிக் கொடுத்தது நான்தான் என்று முதல்முறையாக உண்மையைச் சொல்லிக்கொண்டே, சாவியைப் புனிதாவின் கையில் வைத்தார். பசுமைத் திட்டத்துக்காக அவர் அந்த வளாகத்தில் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.