நாற்பது நொடி முனகல்

"இது நான் இல்ல."

"நீதான்கா. மூச்சு இழுக்கறப்போ மூக்குல சின்னதா ஒரு விசில் வருது, கேளு. உலகத்துல வேற யாருக்கு வரும்?"

"அடிப்பாவி, என் மூக்கைக்கூடவா விட்டு வைக்கல?"

சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியைச் சுழற்றுவதும் நிறுத்துவதுமாக இருந்தாள். சாப்பாட்டு இடைவேளையில், அக்கா வேலை பார்க்கும் பல் டாக்டரின் வரவேற்பு மேசையிலிருந்து அவளைக் கையோடு ஒலிக்கூடத்துக்கு இழுத்து வந்திருந்தாள். மூன்று மணிக்கு டைரக்டர் வந்து, சின்னவள் ஒலி சேர்க்கும் படத்தின் ஒலியை இறுதி செய்துவிடுவார். அப்புறம் ஒரு இருமலைக்கூட மாற்ற முடியாது.

திரையில் ஒரு நீண்ட நடைவழி உறைந்து நின்றது. அதன் கோடியில் பாதி திறந்த கதவு. பதினொரு நிமிடம் ஒரு பெண் அதை நோக்கி நடப்பாள். யாரும் பேசமாட்டார்கள், ஒன்றும் நடக்காது, ஆனால் பார்க்கிறவர்கள் அந்தக் கதவைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டார்கள். இந்த மாதிரிப் படங்கள் என்றால் சின்னவளுக்கு உயிர். அடித்தொண்டையில் இழுத்துக்கொண்டே போகும் இசையும் அப்படித்தான். தூக்கத்தில் சிரிப்பவர்கள், தூக்கத்தில் எழுந்து சமைப்பவர்கள் என்று கேள்விப்பட்டதையெல்லாம் எழுதிவைக்க ஒரு நோட்டு வேறு.

அந்த நோட்டுக்கு வீட்டிலேயே ஒரு ஆள் சிக்கினால் விடுவாளா? இருவருக்கும் ஒரே அறை. ஒருநாள் சும்மா தலைமாட்டில் ரெக்கார்டரை ஓடவிட்டுத் தூங்கிப்போனவள், காலையில் கேட்டபோது அக்காவின் முனகல் இருந்தது. வார்த்தையில்லாத, தேய்ந்து தேய்ந்து திரும்பும் மெட்டு. ஏழு மாதம் பதிவு செய்தாள். அக்காவிடம் மூச்சு விடவில்லை. அதில் நாற்பது நொடியை நடைவழிக் காட்சியில் வைத்ததும் டைரக்டர் எழுந்தே நின்றுவிட்டார். "இதுதான் படத்தோட உயிர்" என்றார். அப்புறம்தான், "யார் குரல்? கையெழுத்து வாங்கிட்டியா?" என்றார்.

அக்கா கையெழுத்திட வேண்டிய சம்மதத் தாள் இப்போது மேசைமேல் கிடந்தது.

"தப்புதான்கா. ஆனா இது இல்லேன்னா அந்தக் காட்சி செத்துடும். என் பேர் போட்டு வர்ற முதல் படம்."

அக்கா தாளைத் தொடவில்லை. "நான் தூங்கலடி."

"என்னது?"

"முழிச்சுக்கிட்டுதான் பாடினேன். அது சரி, நடுநடுவே நீ பேசுவியே, அது எங்க?"

"நான் எங்க பேசினேன்? பக்கத்து வீட்டு டிவி சுவர் வழியா முணுமுணுத்துது. அதைச் சுத்தமா எடுத்துட்டேன்."

"டிவியாம்! மூச்சை வச்சே ஆளைச் சொல்லுவேன்னு பீத்திக்குவியே, கோட்டான்."

சின்னவள் பழைய பதிவைத் தேடித் திறந்தாள். மின்விசிறி இரைச்சல், கட்டில் கிறீச்சிடல், அதற்கடியில் அந்த முணுமுணுப்பு. அதன் ஒலியை மட்டும் மெல்ல ஏற்றினாள்.

"கதவைச் சாத்து… அக்கா, கதவு திறந்திருக்கு…"

ஐந்து வயதுக் குழந்தையின் குழைவோடு, சின்னவளுடைய சொந்தக் குரல். அடுத்து அக்காவின் மெட்டு எழுந்தது. முணுமுணுப்பு மெலிந்து மெலிந்து அடங்கியது.

"வாரத்துல நாலு நாள் எழுந்து உக்காந்துக்குவ" என்றாள் அக்கா. "கண்ணு திறந்திருக்கும், ஆனா என்னைப் பார்க்கமாட்ட. உலுக்கினா மிரண்டுடுவ. பாடினா படுத்துக்குவ."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நோட்டுல எழுதிட்டு, அதையே நினைச்சுக்கிட்டு விடிய விடிய உக்காந்திருப்ப. அதுக்குத்தான்."

சின்னவள் திரையிலிருந்த கதவைப் பார்க்காமலிருக்கப் பார்த்தாள், முடியவில்லை. கை தானாகப் போய் அந்த முணுமுணுப்பை மறுபடி இறக்கத் தொடங்கியது. அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே டைரக்டரின் செருப்புச் சத்தம் கேட்டது. மணி மூன்றாகவில்லை, ஆனால் அவர்தான்.

அக்கா இன்னொரு கையால் பேனாவை எடுத்தாள். மூடியைப் பல்லால் கழற்றினாள். தாள்மேல் முனையை வைத்தவள் எழுதவில்லை.

"என் குரல் மட்டும் தனியாப் போனா யாரோ பைத்தியம் முனகற மாதிரி இருக்கு. யாருக்குப் பாடறேன்னு கேக்கறவங்களுக்குத் தெரியட்டும். உன் குரலையும் சேர்த்து வைடி. வைக்கறியா?"