மறுகா

சிறுவர் நேய அறையின் வாசலில் சிவப்பு நாடா கட்டியிருந்ததால் சிறுமியை உள்ளே விட முடியவில்லை. திறப்புவிழாவுக்கு நாடா வெட்டுகிற பெரியவர் இன்னும் வந்து சேரவில்லை. வெளியே வாங்குப் பலகையில் ரிப்கா நேற்றைய சீருடையோடு குந்தியிருந்தாள். பரிசோதனை முடியும்வரை உடுப்பு மாற்றக்கூடாது, குளிக்கவும் கூடாது. புயத்தில் விரல்கள் பதிந்த தடத்தை இன்று காலை கண்ட வகுப்பாசிரியை சொல்லப்போய், சின்னம்மா முறையான சாச்சியோடு ஆசுபத்திரிக்கு வந்திருக்கிற பிள்ளை. பெற்ற உம்மா குவைத்தில் வேலைக்கு.

"சைக்கிளால உழுந்திட்டா மிஸ்," என்றாள் சாச்சி பஸ்னா, யாரும் கேட்காத கேள்விக்கு.

கம்சாயினி தலையாட்டினாள். இந்த வேலைக்கென்றே பயிற்சி பெற்ற தாதி அவள். பயிற்சியின் சாரம் சின்னது: பிள்ளையின் வாயில் சொல்லைத் திணிக்காதே. இவரா, அவரா என்று தாதி எடுத்துக் கொடுத்தால், நாளைக்கு நீதிமன்றத்தில் அது பிள்ளையின் சொல்லாக நிற்காது. ஆகவே அவளுக்கு மிஞ்சியிருந்தது ஊர்ச்சொல் ஒன்றுதான். மறுகா. அதற்குப் பிறகு என்று அர்த்தம். பிள்ளை ஒன்று சொன்னால், மறுகா? நிறுத்திவிட்டால், கொஞ்சம் பொறுத்து, மறுகா?

வீட்டில் அதே சொல் அவள்மீதே பாயும். கட்டாரிலிருந்து புருஷன் பிரதீஸ் நாவற்குடா வீட்டுக்கு இரவில் போனில் கோல் எடுப்பான். சாப்பாடு, மழை, கிணற்று மோட்டர் எல்லாம் பேசி முடிந்ததும், "மறுகா?" என்பான். பகலில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. சொல்லலாம் என்றாலும் எந்த வாயால் சொல்வது? "மறுகா ஒண்டுமில்ல," என்பாள். அவனும் நம்பிவிடுவான். பிறகு வாவிப்பக்க யன்னலைச் சாத்திவிட்டு, எதிரே ஆளிருக்காத கதிரைக்கு முன்னால் இருந்து சோறு தின்பாள்.

பெரியவர் வந்தார். மாலை வந்தது, மைக் வந்தது. "மௌனத்தில் வாடும் மழலைகளின் குரலுக்கு இன்று கதவு திறக்கிறோம்!" என்று முழங்கினார். கதவோரம் ஒதுக்கிவிடப்பட்டிருந்த மழலை காதைப் பொத்திக்கொண்டது. கத்தரிக்கோல் மொட்டை, நாடாவை ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிடித்துத்தான் அறுத்தார்கள். பெரியவர் புதுக் கரடிப் பொம்மையைத் தூக்கிக் கமராவுக்காக முத்தமிட்டார், பொலித்தீனுக்கு மேலால். பிறகு எல்லாரும் பற்றீஸ் தின்ன மாடிக்குப் போனார்கள்.

களஞ்சியப் பொறுப்பாளர் சாமித்தம்பி மட்டும் திரும்பி வந்தார். "பொம்மைர பொலித்தீனக் கழட்டிராதீங்க கா. கணக்குப் பாக்க ஓடிட்டுக்கு வந்தா புதுசாக் காட்டணும்."

"புள்ளைகள் விளையாடத்தானே அண்ணன் வாங்கின?"

"விளையாடினாப் பழசாப் போயிருமே!"

சாச்சியை வெளியே இருத்திவிட்டுக் கம்சாயினி கதவைச் சாத்தினாள். தரையில், பிள்ளையின் உயரத்துக்கு இருந்தாள்.

"நேத்து என்னெல்லாம் செஞ்சீங்க மகள்?"

"பள்ளிக்கொடம் போன."

"மறுகா?"

"ஊட்டுக்கு வந்து சோறு திண்ட. சாச்சி கடைக்குப் போய்ட்டா."

"மறுகா?"

பிள்ளை சீருடையின் விளிம்பைத் திருகியது. "மறுகா ஒண்டுமில்ல."

இந்த வசனத்தின் உள்ளும் புறமும் கம்சாயினிக்குத் தெரியும். ஒவ்வொரு இரவும் அவளே சொல்வது. 'ஆர் வந்த, மகள்?' என்ற கேள்வி நாக்கு நுனியில் வந்து நின்றது. விழுங்கினாள். கேட்டால் பதில் வரும், ஆனால் அது கம்சாயினியின் பதிலாகிவிடும். பிள்ளை வாய் திறக்காவிட்டாலோ சைக்கிள் கதைதான் மிஞ்சும். தடம் யாருடையதென்று தடம் சொல்லாது. சாச்சி அதே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

மாடியில் கைதட்டினார்கள்.

ரிப்கா கரடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுக்கு மூச்சு முட்டாதா மிஸ்?"

கம்சாயினி எழும்பிப் போய்ப் பொலித்தீனைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். கரடியைப் பிள்ளையின் மடியில் வைத்தாள்.

"வாயப் பொத்தினா மூச்சு வராது," என்றது பிள்ளை, கரடியிடம். "கத்தவும் ஏலா."

"மறுகா?"

அது கேள்வியாகக்கூட வெளியே வரவில்லை, காற்றாகத்தான் வந்தது. ரிப்கா நிமிரவில்லை. சுட்டுவிரலைக் கரடியின் மூக்குக்குக் கீழே பிடித்து, மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். விரலை எடுக்கவில்லை. கம்சாயினியும் சத்தம் கேட்டுவிடாதபடி தன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.