பெயின்ட் இல்லாத பெட்டிகள்

மெர்சிக்குத் தன் வேலையில் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்தால் என்ன தப்பு? பெங்களூர் பக்கம் பொம்மசந்திராவில் அவள் வேலை பார்க்கும் தொழிற்சாலை, மின்சார பேனல்களுக்கான பெட்டிகளைச் செய்து, உள்ளே ஒயரிங்கும் முடித்து அனுப்புகிறது. ஒரு பெட்டி போல இன்னொன்று இருக்காது. எத்தனை அடி உயரம், எத்தனை கதவு, என்ன தகடு, என்ன நிறம் என்று வாங்குகிறவர்கள் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி அடுக்கிக்கொண்டே போவார்கள்.

முன்பெல்லாம் ஒவ்வொரு ஆர்டருக்கும் எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை என்று ஓர் அட்டையில் கையால் எழுதுவார்கள். புது மென்பொருள் வந்ததும் அட்டை போயிற்று. தகடு வெட்டுவதிலிருந்து பேக்கிங் வரை எல்லா வேலைகளும், வேலைக்கு ஒரு வரியாக, ஒரே வரிசையில் இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிபந்தனை. இரண்டு கதவு என்றால் இந்த வரி வரும்; ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் பெயின்ட் வரி விலகிக்கொள்ளும். ஆர்டரைத் தட்டினால் அந்தப் பெட்டி போக வேண்டிய வழி தானாக வந்து நிற்கும். அந்த நிபந்தனைகள் அத்தனையையும் எழுதியவள் மெர்சி. காக்ஸ் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, ஏழு மாதம் கண் எரிய உட்கார்ந்து எழுதினாள்.

எழுதுவதற்கு முன் நோட்டும் கையுமாக ஒவ்வொரு பிரிவாகப் போய்க் கேட்டாள். பெயின்ட் ஷாப்பில் இருபது வருஷமாக இருக்கும் கிளெமென்ட் சொன்னார்:

"வெட்டின தகடு ஓரமெல்லாம் பிளேடு மாதிரி இருக்கும்மா. நாங்கதான் தேய்ச்சி வழவழன்னு பண்ணிட்டு அப்புறம் பெயின்ட் அடிப்போம். அதுக்கும் ஒரு லைன் போட்டுக்க."

"அது பெயின்ட்டுக்குள்ளயே வந்துடும்ணா. சும்னே எதுக்கு தனி லைன்?"

வரிகள் குறைவாக இருந்தால் பார்க்க அழகாக இருக்கும். அவ்வளவுதான் காரணம். பெயின்ட் அடிக்கிற பெட்டிகளுக்கு அவள் சொன்னது சரியும்கூட. ஆனால் வருஷத்துக்கு நாலைந்து தடவை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெட்டிகள் வரும். பெயின்ட் கிடையாது என்றாலும் அவையும் கிளெமென்டிடம் போய் ஓரம் தேய்த்துக்கொண்டுதான் ஒயரிங்குக்குப் போகும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் எந்த அட்டையிலும் யாரும் அதை எழுதியதில்லை. மென்பொருளுக்கு அது எப்படித் தெரியும்?

ஜனவரியில் ஒரு மருந்துக் கம்பெனி பன்னிரண்டு ஸ்டெயின்லெஸ் பெட்டிகள் கேட்டது. பெயின்ட் வரி விலகியது. அதோடு தேய்க்கிற வேலையும் போய்விட்டது. திரை காட்டுகிற இடத்துக்குத்தான் வண்டியைத் தள்ள வேண்டும் என்பது புது உத்தரவு. தள்ளினார்கள்.

முதல் பெட்டியை எடுத்தவள் ஒயரிங்கில் ஆறு வருஷமாக இருக்கும் சின்னத்தாய். ஆனேக்கல்லிலிருந்து வருகிறவள். ஒயர்க்கட்டைத் துளை வழியாக இழுக்கும்போது பிடி நழுவி, வலது கை தகட்டின் ஓரத்தில் சறுக்கிக்கொண்டு போனது. தையல் போட்டார்கள், ஆபரேஷன் செய்தார்கள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் இனி உணர்ச்சி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த இரண்டு விரல் இல்லாமல் ஒயரிங் செய்ய முடியாது.

விபத்து நடந்த அன்றே, விஷயம் கேள்விப்பட்ட ஒரு மணி நேரத்துக்குள் மெர்சி அந்த ஆர்டரைத் திறந்து பார்த்தாள். தேய்க்கிற வேலை அதில் இல்லை. அன்று மத்தியானமே 'ஓரம் தேய்த்தல்' என்று ஒரு வரி சேர்த்தாள். நிபந்தனை இல்லாமல், எல்லாப் பெட்டிகளுக்கும். யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. ஓசூர் கிளைக்கு அவளைப் பொறுப்பாளராக அனுப்புவதாக மேனேஜர் தேசிகன் சொல்லியிருந்தார். அது முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நல்லவர்கள் கெட்ட காரியம் செய்வது பெரும்பாலும் இப்படித்தான், நாளைக்கு நாளைக்கு என்று.

கிளெமென்ட் மட்டும் திரையில் புது வரியைப் பார்த்துவிட்டு அவள் மேஜை பக்கம் வந்தார். "இப்ப போட்டியாம்மா?" என்றார். மேலே போய்ச் சொல்லுகிற பழக்கம் அவருக்கு இல்லை, போய்விட்டார்.

பதினெட்டாம் நாள் காலை சின்னத்தாய் வந்தாள். வலது கையில் கட்டு, இடது கையில் ஒரு காகிதம். பிஎஃப் பாரம், பிள்ளைகளின் பள்ளிக்கூட நோட்டீஸ் என்று இங்கிலீஷில் எது வந்தாலும் மெர்சியிடம் கொண்டுவருவது அங்கே வேலை செய்யும் பெண்களின் வழக்கம்.

"அக்கா, இதுல கையெழுத்து போட சொல்லி ஆபீஸ்ல குடுத்தாங்க. இன்னா எழுதிக்கீதுன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்பி போட்டுடுவேன்."

மெர்சி படித்தாள். 'கையுறை போட வேண்டும் என்ற விதி எனக்குத் தெரியும், நான் போடவில்லை, என் கவனக்குறைவால்தான் இந்த விபத்து நடந்தது' என்று இருந்தது. கையுறை போட்டுக்கொண்டு அந்த மெல்லிய ஒயர்களைத் தொடக்கூட முடியாது என்பது தேசிகனுக்கும் தெரியும். மெர்சி தமிழில் சொல்லி முடித்தாள்.

சின்னத்தாய் தலையாட்டினாள். "சரிதான்க்கா. எங்க வூட்டுக்காரரும் அதான் சொல்றாரு. இத்தினி பேர் வேல செய்ற எடத்துல உனக்கு மட்டும் ஏன் ஆச்சுன்னு கேக்கறாரு. நானும் யோசிச்சி யோசிச்சி பாக்கறேன், அன்னிக்கு கவனம் எங்க போச்சுன்னே தெரியல." இடது கையால் பேனாவை எடுத்தாள். "கோணலா வந்தா பரவால்லல்ல?"

அவ்வளவுதான், மெர்சிக்குத் தாங்கவில்லை. காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"போடாத. உன் தப்பு இல்ல சின்னத்தாய். அந்த பெட்டிங்க ஓரம் தேய்க்காம வந்துது. தேய்க்கிற வேலைய நான் தனியா எழுதாம விட்டுட்டேன். கிளெமென்ட் அண்ணன் சொல்லியும் விட்டுட்டேன்."

சின்னத்தாய் பேனாவைக் கீழே வைத்தாள்.

"எப்பக்கா தெரியும் உங்களுக்கு?"

"அன்னிக்கே."

சின்னத்தாய் அழவுமில்லை, கத்தவுமில்லை. போனை எடுத்து, இடது கட்டைவிரலால் தடவித் தடவி ஒரு நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி மேஜைமேல் வைத்தாள். "எங்க வூட்டுக்காரரு. அவர்கிட்ட சொல்லுங்க."

அவள் புருஷன் சந்திரன், அத்திபெலெயில் லாரி ஓட்டுகிறவன். மெர்சி சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். பிறகு அவன் பேசினான்.

"மேடம், ஒரு கையால அவ அரிசி களைய கஷ்டப்படுவா. உன் திமிருக்கு நல்லா அனுபவின்னு சொன்னேன். பதினெட்டு நாளும் சொன்னேன். புள்ளைங்க முன்னாடியே சொன்னேன். நீங்க அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் வாயில அது வந்திருக்காதே மேடம்."

அவன் தேம்பத் தொடங்கினான். சின்னத்தாய் போனை அணைத்தாள். மெர்சியின் கையிலிருந்த காகிதத்தைக் காட்டினாள்.

"இப்ப சொன்னத அப்டியே கீழ எழுதுங்க. இங்கிலீஷ்லயே எழுதுங்க. அவங்களுக்குப் புரியணும்."

மெர்சி எழுதினாள். எந்த வரி, எந்தத் தேதி, யார் சொல்லியும் கேட்கவில்லை, எத்தனை நாள் மறைத்தாள் என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஓசூரும் போயிற்று, வேலையும் போகலாம். அதெல்லாம் அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

"படிச்சு சொல்லட்டுமா?"

சின்னத்தாய் காகிதத்தை இடது கையால் மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வேணாம் மேடம். வேற யாரையாவது படிக்க சொல்லி கேட்டுட்டு குடுக்கறேன்."

அவள் போய்விட்டாள். எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவளைக் கூப்பிட்டு அதைச் சொல்ல மெர்சிக்கு வாய் வரவில்லை.